எந்த வழியில் உறவு?

சென்ற ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் அடைமழை பிடித்துக்கொண்டபோது, மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியை முக்காலியின் மேல் வைத்து, நானும் அம்மாவும் ஒரு ரஷ்யப் படம் பார்த்தோம். ஆர்தர் கோனன் டாயில் எழுதிய பாஸ்கர்வில் வேட்டைநாயின் கதையை லெனின்கிராடின் லென்ஃபிலிம் நிறுவனம் 1981-இல் இரண்டு பகுதிகளாக எடுத்த படம் அது. இயக்கியவர் ஈகர் மஸ்லெனிகோவ். பேச்சு ரஷ்ய மொழியில், அடியில் ஓடும் எழுத்து ஆங்கிலத்தில். அம்மாவுக்கு இரண்டும் தெரியாது என்பதால், சற்றைக்கொரு தரம் படத்தை நிறுத்தி நடப்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பெரிய பண்ணைக்குச் சொந்தக்காரரான சர் சார்லஸ் இறந்துவிட்டார், சொத்தெல்லாம் வெளிநாட்டிலிருந்து வரும் ஹென்றி என்ற உறவுக்காரப் பையனுக்குப் போகிறது என்று சொன்னேன். அம்மா உடனே கேட்டாள்: “எந்த வழியில உறவு? அண்ணன் தம்பி பிள்ளையா, அக்கா தங்கை பிள்ளையா?” ஆங்கில எழுத்தில் ‘நெவ்யூ’ என்று மட்டுமே இருந்தது. நாவல் நினைவிலிருந்ததால் அதிலிருந்து எடுத்துச் சொன்னேன்: அவர்கள் மூன்று சகோதரர்கள், மூத்தவர் சார்லஸ், இரண்டாமவர் இளவயதிலேயே இறந்துபோனார், அவருடைய மகன்தான் ஹென்றி, மூன்றாமவன் ராஜர் குடும்பத்துக்கே கெட்ட பெயர் வாங்கித் தந்தவன், மத்திய அமெரிக்காவுக்கு ஓடிப்போய் 1876-இல் மஞ்சள் காய்ச்சலில் செத்துப்போனான். அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. “அந்த மூணாவது தம்பிக்குப் பிள்ளைகுட்டி உண்டா?” என்றாள்.

நான் பதில் சொல்லாமல் படத்தை ஓடவிட்டேன். நாவலைப் படித்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். படிக்காதவர்களுக்காக இதற்கு மேல் சொல்லாமல் விடுகிறேன். 1901-லும் 1902-லும் ஸ்ட்ராண்ட் இதழில் தொடராக வந்த காலத்திலிருந்து, அந்த மூன்றாம் சகோதரனைப் பற்றிய வரியை எத்தனையோ வாசகர்கள் குடும்ப வரலாறு என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பார்கள். டாயில் அதை வெளிச்சத்தில் வைத்தே ஒளித்திருந்தார். எழுபது வயது கடந்த, பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட என் அம்மாவிடம் அது ஒரு நிமிடம்கூட ஒளிந்திருக்கவில்லை. அதற்குக் காரணம் அவளுடைய கூர்மை மட்டுமில்லை, நம் மொழியும்தான். ‘பங்காளி’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பங்கு’ இருக்கிறது. அண்ணன் தம்பி பிள்ளைகள் என்று காதில் விழுந்த மறுகணம் சொத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்காத காது நம் ஊரில் கிடையாது.

அன்றிரவிலிருந்து என் மனத்தில் ஒரு கேள்வி நின்றுகொண்டிருக்கிறது. ஆங்கிலத் துப்பறியும் கதைகள் பிற நாடுகளின் திரைக்குப் போகும்போது எது அவற்றோடு போகிறது, எது பின்தங்கிவிடுகிறது? மூடுபனி, குதிரை வண்டி, புகைக்குழாய் ஆகியவற்றை எந்த நாட்டுக்காரரும் செலவு செய்து உண்டாக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு சின்ன ஊரில் யாருக்கு யார் என்ன முறை, யார் யாரைப் பார்த்ததும் எழுந்து நிற்க வேண்டும், எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்கிற வழக்கத்தைச் செலவு செய்து உண்டாக்க முடியாது. இந்தக் கதைகளில் கொலையாளி ஒளிந்துகொள்வது பெரும்பாலும் அந்த வழக்கத்துக்குள்தான் என்பது என் எண்ணம்.

ரஷ்யப் படத்துக்குத் திரும்புகிறேன். மஸ்லெனிகோவ் 1979 முதல் 1986 வரை ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை வைத்து ஐந்து படங்கள் எடுத்தார். தொலைக்காட்சிக்காக அவை பதினொரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஹோம்ஸாக வசீலி லிவானோவ், வாட்சனாக வித்தாலி சலோமின், வீட்டுக்கார அம்மாளாக முதுபெரும் நடிகை ரீனா ஸெல்யோனயா. லண்டன் பேக்கர் தெருவாக நாம் பார்ப்பது லாட்வியத் தலைநகர் ரீகாவிலுள்ள யௌனியெலா என்ற பழைய தெரு. அந்தப் படக்குழுவினர் இங்கிலாந்தைப் புத்தகத்தின் வழியாகவே காதலித்தவர்கள் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. நாற்காலியின் துணி, தேநீர்க் கோப்பை, கணப்புக்கு முன்னால் காலை நீட்டுகிற விதம் ஆகிய எல்லாவற்றையும் பக்தியோடு செய்திருக்கிறார்கள். லிவானோவின் கரகரத்த குரலும், பேசி முடித்ததும் கண்ணோரத்தில் வந்து போகும் சிரிப்பும் எனக்குக் கதையில் படித்த ஹோம்ஸைவிட நெருக்கமானவை. 2006-இல் பிரிட்டன் அவருக்கு கௌரவ எம்.பி.இ. விருது கொடுத்தது, தங்கள் வீட்டுப் பிள்ளையை இன்னொரு வீட்டார் நன்றாக வளர்த்ததைப் பார்த்து மகிழ்ந்து கொடுத்த சீர் என்றுதான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படத்தில் ஓர் இடம் மிக நுட்பமானது. வாட்சன் புதிதாகக் குடிவந்தவர். தன்னோடு தங்கியிருக்கும் மனிதரைத் தேடி வருகிறவர்களையும், அவருடைய விசித்திரமான பழக்கங்களையும் பார்த்துப் பார்த்து, இவர் ஒரு குற்றக் கூட்டத்தின் தலைவராக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுகிறார். டாயிலின் கதையில் இப்படி இல்லை. ஆனால் அக்கம்பக்கத்தாரின் போக்குவரத்தைக் கவனித்துச் சந்தேகம் கொள்ளப் பழகிய ஒரு சமூகத்தில், பொதுச் சமையலறையும் பொது நடைவழியும் உள்ள குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களுக்கு, இந்தச் சந்தேகம் எவ்வளவு இயல்பாக இருந்திருக்கும்! இங்கிலாந்தை அப்படியே வரைய முயன்றவர்களின் கையிலிருந்து அவர்களுடைய சொந்த ஊர் தானாக வந்து விழுந்துவிடுகிறது.

தானாக வராமல் மேலிருந்து வந்து விழுந்ததும் ஒன்று உண்டு. கதையில் வாட்சன் ஆப்கானிஸ்தான் போரில் காயம்பட்டுத் திரும்பியவர். படம் முடிந்து ஒளிபரப்பாவதற்குள், 1979 டிசம்பரில், சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்துவிட்டன. ஹோம்ஸின் புகழ்பெற்ற முதல் ஊகத்திலிருந்து நாட்டின் பெயர் நீக்கப்பட்டு, ‘கிழக்கு’ என்று மட்டும் நின்றது. ஒரு சொல்லை எடுத்ததில் ஊகத்தின் அழகே குறைந்துபோனது. ஏனென்றால் அந்த ஊகம் பிரமிப்பைத் தருவது அது ஒரு நாட்டின் பெயரைத் துல்லியமாகச் சொல்வதால்தான். எந்த ஊர் என்று சொல்லாமல் ‘தெற்கேயிருந்து வருகிறீர்கள்’ என்று சொல்வதற்கு ஹோம்ஸ் எதற்கு?

அதே முதல் படத்தில் வரும் புள்ளி போட்ட பட்டையின் கதையை அம்மா ஏற்றுக்கொள்ளவே இல்லை. 1892-இல் வந்த கதை, முடிவு ஊரறிந்தது என்பதால் சொல்லிவிடலாம்: இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பாம்புக்குப் பால் கொடுத்துப் பழக்கி, மணிக்கயிற்றின் வழியாக இறக்கி, விசிலடித்துத் திரும்ப அழைக்கிறான் ஒரு மருத்துவன். அம்மா புற்றுக்குப் பால் ஊற்றுகிற ஊரில் பிறந்து, வரப்பில் நல்ல பாம்பையும் கண்ணாடி விரியனையும் பார்த்து வளர்ந்தவள். “நாங்க வருஷா வருஷம் பால் ஊத்தறோம், பாம்பு வந்து குடிச்சு யாரு பார்த்தா?” என்று அமைதியாகக் கேட்டாள். கயிற்றில் ஏறி இறங்குவதும் விசிலுக்குத் திரும்புவதும் அவளுக்கு அதைவிடப் பெரிய புளுகாகத் தோன்றின. ஆங்கில வாசகருக்கு அச்சத்தை ஊட்டிய கீழைநாட்டு மர்மம், அந்த மர்மம் எங்கிருந்து போனதாகச் சொல்லப்பட்டதோ அந்த மண்ணில் நிற்கவில்லை. மாறாக, வேட்டைநாய்ப் படத்தில் நிகிதா மிகால்கோவ் நடித்த ஹென்றி, பசியோடு சாப்பாட்டு மேசையில் உட்கார, பரிமாறுகிறவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் “ஓட்ஸ் கஞ்சி, ஐயா” என்று சொல்கிற காட்சியை அம்மா முழுமையாக ரசித்தாள். அந்த வசனம் ரஷ்யர்களின் அன்றாடப் பேச்சில் பழமொழிபோல் கலந்துவிட்டது. எதிர்பார்ப்போடு உட்கார்ந்த இலையில் கஞ்சி விழுந்தால் வருகிற ஏமாற்றத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

பிரான்சும் ஜெர்மனியும் இந்தக் கதைகளை நிறைய எடுத்திருக்கின்றன. பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் அகதா கிறிஸ்டியின் கதைகளைக் கொண்டு 2009 முதல் ஒரு நீண்ட தொடர் வந்திருக்கிறது. அதில் கிறிஸ்டி படைத்த துப்பறிபவர்களான ஹெர்க்யூல் பாய்ரோவும் இல்லை, மிஸ் மார்ப்பிள் என்ற கிழவியும் இல்லை. அவர்களுக்குப் பதிலாக முப்பதுகளின் வடபிரான்சில் லாரொசியேர் என்ற காவல் ஆணையரையும் அவருடைய உதவியாளரையும் வைத்தார்கள். பின்னர் காலத்தை ஐம்பதுகளுக்கும் எழுபதுகளுக்கும் நகர்த்தி, ஆட்களையும் மாற்றிக்கொண்டார்கள். துணிச்சலான செயல், பார்க்கவும் சுவையாக இருக்கிறது. ஆனால் புதிர் பின்னுக்குப் போய் ஆணையரின் காதலும் கோபமும் முன்னுக்கு வந்துவிடுகிறபோது எனக்கு மனம் நிறைவதில்லை. ஜெர்மானியர்கள் 1959 முதல் 1972 வரை எட்கர் வாலஸின் கதைகளை வரிசையாக எடுத்துத் தள்ளினார்கள். அவற்றில் எனக்கு நினைவில் நிற்பது பனியும் அலறலும்தான்.

நாற்றுப் பறிப்பவர்கள் வேரிலுள்ள சேற்றைத் தண்ணீரில் அலசி, காலில் அடித்து உதறிவிட்டுத்தான் முடி கட்டுவார்கள். நாற்றங்கால் மண்ணைச் சுமந்துகொண்டு வயலுக்குப் போவதில்லை. நட்ட சில நாட்கள் பயிர் வெளிறித்தான் கிடக்கும், பார்ப்பவர்களுக்குப் பயமாகக்கூட இருக்கும், அப்புறம் பச்சை பிடிக்கும். ஜப்பானியர்கள் இந்தக் கதைகளை எடுத்திருக்கிற விதத்தைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. ரஷ்யர்கள் நாற்றங்காலையே பெயர்த்துக் கொண்டுவர ஆசைப்பட்டவர்கள். அந்த ஆசை அழகானது. ஜப்பானியர்கள் மண்ணை உதறியவர்கள்.

கிறிஸ்டியின் 1934-ஆம் ஆண்டு நாவலான ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கதையை, 2015 ஜனவரியில் ஃபூஜி தொலைக்காட்சி இரண்டு இரவுகளுக்கான படமாக ஒளிபரப்பியது. எழுதியவர் மித்தானி கோக்கி. காலம் 1933. ரயில் ஷிமோனோசெகியிலிருந்து டோக்கியோவுக்குப் போகிறது. வழியில் பனியில் சிக்கி நிற்கிறது. பாய்ரோ இங்கே சுகுரோ தக்கேரு என்ற பெயரில் ஜப்பானியராகவே வருகிறார். அவராக நடித்த நொமுரா மன்சாய், கியோகென் என்னும் பழைய நகைச்சுவை நாடக மரபில் பிறந்து வளர்ந்தவர். அந்த மரபின் பயிற்சி பெற்ற உடம்பு என்பதால் நிற்பதிலும் திரும்புவதிலும் ஒரு விநோதமான ஒழுங்கு இருக்கிறது. கிறிஸ்டியின் நாவல்களில் பாய்ரோ தனித்துத் தெரிவது பெரும்பாலும் அவர் ஆங்கிலேயர்களுக்கு நடுவில் ஒரு பெல்ஜியர் என்பதால். ஜப்பானியர்களுக்கு நடுவில் ஒரு ஜப்பானியரை எப்படித் தனித்துக் காட்டுவது? வேற்று நாட்டுக்காரராக இல்லாமல், வேற்றுக் கலை ஒன்றின் அசைவுகளைக் கொண்டவராக அவரை நிறுத்திவிட்டார்கள். கூத்துக் கலைஞர் ஒருவர் மிடுக்கோடு நம் தாலுகா அலுவலகத்துக்குள் நடந்து வந்தால் எப்படி எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களோ, அப்படி.

அந்தப் படத்தின் முதல் இரவு நாவலின் வழியிலேயே போகிறது. இரண்டாம் இரவு, நாவலில் இல்லாதது. நடந்த எல்லாவற்றையும் முதலிலிருந்து, துப்பறிபவரின் பக்கம் நின்று பார்க்காமல், குற்றத்தின் பக்கம் நின்று காட்டுகிறது. ஒரு துக்கம் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது, எத்தனை ஆண்டுகள் அங்கே குடியிருந்தது, எப்படி ஒரு தீர்மானமாக மாறியது என்பதை நிதானமாகச் சொல்கிறார்கள். நாவலில் கடைசி சில பக்கங்களில் அடங்கிவிடுகிற ஒன்று இங்கே முழு நீளக் கதையாகிறது. முதல் இரவின் விடை தெரிந்த பிறகு இரண்டாம் இரவில் சுவை இருக்குமா என்று நான் ஐயப்பட்டேன். அம்மா இரண்டாம் இரவில்தான் நகராமல் உட்கார்ந்திருந்தாள். முடிவில் துப்பறிபவர் சட்டத்துக்கும் நியாயத்துக்கும் நடுவில் நிற்கும் இடம் வந்தபோது மின்சாரம் போயிருந்தது, கணினியின் ஒளி மட்டும் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. அம்மா நெடுநேரம் பேசாமலிருந்து, “திருவாரூர் ராஜா என்ன செஞ்சிருப்பான்?” என்று கேட்டாள். கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைத்தான் சொன்னாள். அந்தக் கேள்வி கிறிஸ்டியின் காதில் விழுந்திருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மித்தானி கோக்கி அத்தோடு நிறுத்தவில்லை. ரோஜர் ஆக்ராய்டின் கதையை 2018-லும், ஜோர்டான் நாட்டிலுள்ள பெட்ராவின் பாறைகளுக்கு நடுவில் ஒரு கொடுமைக்காரத் தாய் இறந்துகிடக்கும் 1938-ஆம் ஆண்டு நாவலை 2021-லும் இதே சுகுரோவை வைத்து எழுதினார். இரண்டாவதில் அவர் செய்திருக்கும் மாற்றம் எனக்குப் பொறாமை தருகிறது. பெட்ராவுக்குச் சுற்றுலா போகும் குடும்பத்தை அவர் குமானோ கோதோ என்னும் பழைய யாத்திரைப் பாதைக்குக் கொண்டுவந்துவிட்டார். மலைக்காட்டு வழியாகக் கோயில்களுக்கு நடந்து போகிற புண்ணியப் பாதை அது. பிள்ளைகளை அடக்கி ஒடுக்கி வைத்திருக்கும் ஒரு தாய், பிள்ளைகள் சகிதமாகப் புண்ணியம் தேடிப் போகிறாள் என்ற ஒரு மாற்றத்தில் கதைக்குப் புதிய ஆழம் வந்துவிடுகிறது.

உறவுமுறையைப் பற்றித் தொடங்கினேன் அல்லவா, அதற்கு மிக நல்ல சான்று வங்கத்தில் இருக்கிறது. 1962-இல் வந்த மிஸ் மார்ப்பிள் நாவல் ஒன்றை, ரிதுபர்ணோ கோஷ் 2003-இல் ‘சுபோ மஹரத்’ என்ற படமாக எடுத்தார். சிறந்த வங்கப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. நடித்த ராக்கிக்கும் துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. மிஸ் மார்ப்பிள் அதில் ‘ராங்கா பிஷிமா’. பிஷிமா என்றால் அப்பாவுடன் பிறந்தவள், நம் அத்தை. ஆங்கிலத்தில் ‘ஆன்ட்’ என்பதில் அத்தையும் பெரியம்மாவும் சித்தியும் மாமியும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். வங்காளியில் எடுத்ததும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பிறந்த வீட்டோடு வந்து தங்கிவிட்ட விதவை அத்தை என்று தேர்ந்தெடுத்த உடனேயே, அவள் வீட்டில் எங்கே உட்காருவாள், என்ன சாப்பிடுவாள், யார் அவளிடம் மனம்விட்டுப் பேசுவார்கள், எத்தனை ரகசியங்கள் அவள் காதில் விழுந்து வெளியே போகாமல் தங்கியிருக்கும் என்பதெல்லாம் பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. மிஸ் மார்ப்பிளின் வலிமை, யாரும் அவளை ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை என்பதுதான். நம் பக்கத்து வீடுகளில் அந்த வலிமையோடு அடுக்களையில் எத்தனை அத்தைகள் இருந்திருக்கிறார்கள்!

தமிழில் இதை முதலில் உணர்ந்தவர் வீணை வித்வான் எஸ். பாலசந்தர் என்று நினைக்கிறேன். 1954-இல் ‘அந்த நாள்’ என்ற பாட்டில்லாத படத்தை இயக்கியவர், 1970-இல் ‘நடு இரவில்’ என்ற படத்தைத் தந்தார். ஒரு தீவில் பத்துப் பேர் அடைபட்டு ஒவ்வொருவராகச் சாகிற கிறிஸ்டியின் 1939-ஆம் ஆண்டு நாவலின் சாயலில் எழுந்த படம். இதே நாவலின் சாயலில் இந்தியில் 1965-இல் வந்த ‘கும்நாம்’, தீவுக்கு வருகிறவர்களை நாவலைப் போலவே முன்பின் அறியாதவர்களாக வைத்தது. சோவியத்தில் 1987-இல் ஸ்தனிஸ்லாவ் கோவருகின் எடுத்தபோதும் அவர்கள் முன்பின் அறியாதவர்களே. கிறிஸ்டியே மேடைக்காக மென்மையாக்கிக்கொண்ட முடிவை ஒதுக்கிவிட்டு, நாவலின் இருண்ட முடிவை அப்படியே காட்டிய பெருமை அவருக்கு உண்டு. பாலசந்தர் செய்தது வேறு. வீட்டுக்கு வருகிறவர்கள் அனைவரையும் உறவினர்களாக்கினார். சாகப்போகிற ஒரு பணக்காரர், அவரை ஒதுக்கிவைத்திருந்த சொந்தங்கள், சொத்தின் மேல் கண். கிறிஸ்டியின் தீவில் அச்சம் எழுவது பக்கத்து அறையில் இருப்பவர் யாரென்று தெரியாததால். பாலசந்தரின் மாளிகையில் அச்சம் எழுவது பக்கத்து அறையில் இருப்பவர் யாரென்று நன்றாகத் தெரிந்ததால். இப்படிப் புரட்டிப் போட்டதுதான் அந்தப் படத்தைத் தமிழ்ப் படமாக்குகிறது. அதன் நகைச்சுவைப் பகுதிகள் நீளமானவை, குறைத்திருக்கலாம். ஆனால் கருவைப் பிடித்த விதத்தில் பிழையில்லை.

ஹோம்ஸைத் தமிழுக்குக் கொண்டுவருவது இதைவிட எளிது. அவருக்கு மைக்ராஃப்ட் என்ற அண்ணனைத் தவிரச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஆளில்லை. முறை சொல்லிக் கூப்பிட யாருமில்லாத மனிதரை எந்த ஊரிலும் குடிவைக்கலாம். மிஷ்கின் 2017-இல் ‘துப்பறிவாளன்’ படத்தில் கணியன் பூங்குன்றன் என்று பெயர் சூட்டிச் சென்னையில் குடிவைத்தார். “யாதும் ஊரே” என்று பாடியவரின் பெயரை, எந்த ஊரும் சொந்தமில்லாத ஒருவருக்கு வைத்தது பொருத்தமானது.

கிறிஸ்டியைத்தான் எளிதாகக் கொண்டுவர முடியாது. அவருடைய கதைகளில் ‘கசின்’ என்ற ஒரு சொல்லின் மறைவில் ஒருவர் முழு நாவலையும் கடந்துவிடலாம். தமிழில் அவர் பெரியப்பா மகனா, அத்தை மகனா என்று முதல் காட்சியிலேயே சொல்லியாக வேண்டும். பெரியப்பா மகன் என்றால் பங்காளி, சொத்தில் கண் இருக்கலாம், காதலிக்க முடியாது. அத்தை மகன் என்றால் கட்டிக்கொள்ளும் முறை, சொத்து கல்யாணத்தின் வழியாகத்தான் வரும். ஒரு சொல்லில் பாதி முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. ரயிலில் நடக்கும் கதையும் அப்படித்தான். மன்னார்குடியில் மன்னை எக்ஸ்பிரஸில் ஏறுகிறவர்கள், நீடாமங்கலம் வருவதற்குள் எந்த ஊர், யார் வீடு, யாருக்கு என்ன வேண்டும் என்பதை விசாரித்து முடித்திருப்பார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்களாக விடிய விடிய உட்கார்ந்திருப்பது இந்த ரயிலில் நடவாது. எனவே இங்கே கதை எழுத வருகிறவர் வேறு மறைவிடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்படித் தேடியவர்கள் இந்த மண்ணில் இல்லாமலில்லை. இங்கிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் ஏறினால் வழியில் வருகிற வடுவூர், ஏரிப் பறவைகளுக்கும் கோதண்டராமருக்கும் பெயர் பெற்றது. அந்த ஊர்க்காரர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். ஆங்கில நாவல்களைத் தழுவியும் தாமாகவும் எழுதிக் குவித்த அவர் படைத்த துப்பறிபவர், திகம்பர சாமியார். தொப்பி போட்ட துரையாக இல்லாமல், எந்த வீட்டு வாசலிலும் போய் நிற்கக்கூடிய, எவரும் எழுந்து உள்ளே அழைக்கக்கூடிய ஒரு சாமியார் என்று தீர்மானித்ததில் இந்த ஊரின் வழக்கத்தைப் பற்றிய அறிவு இருக்கிறது. மார்ப்பிள் கிழவி எந்த வீட்டுத் தேநீர் மேசையிலும் உட்கார முடியும் என்பதற்கு இணையான ஏற்பாடு இது. அவருடைய ‘கும்பகோணம் வக்கீல்’ 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில் ‘திகம்பர சாமியார்’ என்ற படமாக வந்து, எம்.என். நம்பியார் பல வேடங்களில் நடித்தார். அந்த வழியில் பின்வந்தவர்கள் தொடர்ந்து நடக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

என்னிடம் யாராவது கேட்டால் நான் முதலில் கொண்டுவரச் சொல்வது அந்த பெட்ரா கதையைத்தான். கும்பகோணத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு இரவுக்குள் ஒன்பது கோயில்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகிற நவக்கிரகச் சுற்றுலா பஸ்ஸில், பிள்ளைகளும் மருமகள்களும் புடைசூழ ஒரு தாய் ஏறுகிறாள். திங்களூரில் ஒரு சொல், ஆலங்குடியில் ஒரு முறைப்பு, வைத்தீஸ்வரன் கோவிலில் யாரோ அழுத கண்ணோடு குளக்கரையிலிருந்து வருவது, திருநள்ளாற்றில் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கரையேறும்போது ஒருவர் மட்டும் குறைவது. ஒவ்வொரு கோயிலிலும் யார் இறங்கினார்கள், யார் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார்கள் என்பதே சாட்சியம். கிறிஸ்டிக்குப் பிடித்த கால அட்டவணையை நடை திறக்கும் நேரமும் சாத்தும் நேரமும் தாமாகவே கொடுத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1950-இல் வந்த ஒரு நாவலில் மிஸ் மார்ப்பிள் தன் கிராமம் மாறிவிட்டதைப் பற்றிப் பேசுவாள். முன்பெல்லாம் புதிதாக வருகிறவர் யாருக்குத் தெரிந்தவர், எந்தக் குடும்பம் என்று எல்லோருக்கும் தெரியும். போருக்குப் பிறகு வருகிறவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்வதுதான் அவர்களைப் பற்றித் தெரிந்த எல்லாம். அந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னபோது அவள் எழுந்து போய்த் திண்ணையில் நின்றாள். எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை அங்கிருந்தே எண்ணலாம். பிள்ளைகள் சென்னையிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள், பெரியவர்கள் போய்விட்டார்கள், சில வீடுகளில் புதிதாக வாடகைக்கு வந்திருக்கிறார்கள். பேச்சு முழுவதும் முறை சொல்லியே நடந்த தெருவில் இப்போது ‘கோடி வீட்டுக்காரங்க’ என்ற சொல் புழங்கத் தொடங்கியிருக்கிறது.

மழை விட்டிருந்தது. கோடி வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புதிதாக வந்த அந்தப் பெண் தன் ஊர் வலங்கைமான் என்று சொன்னதாக அம்மா சொன்னாள். நல்லதாகப் போயிற்று, நம் பக்கத்து ஊர்தானே என்றேன்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன். மாரியம்மன் கோயில் பாடைக் காவடி பத்திப் பேச்செடுத்தேன்” என்று சொல்லி, அம்மா அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அது என்னன்னு அவளுக்குத் தெரியலே.”